நீலம் வராத சோதனைக் குழாய்

சுந்தர்,

கவர் கனமாக இருப்பதைப் பார்த்து வீட்டுப் பத்திரத்தின் நகல் ஏதோ அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். அதெல்லாம் பீரோவில் அப்படியே இருக்கிறது. இது முழுக்கக் கடிதம்தான். முப்பது வருடம் பள்ளிக்கூட லேபில் குழாய் கழுவிய மனுஷன் இத்தனை பக்கம் எழுதுவானா என்று உனக்குச் சிரிப்புகூட வரலாம். சிரித்துக்கொள். ஆனால் நின்றுகொண்டே படிக்காதே, ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. நடுவில் கோபம் வரும். வந்தால் எழுந்து தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழி, அதில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போலப் பதினோரு மணிக்கு மெடிக்கல் ஷாப்புக்கு நீ போன் பண்ணினாய். நான் பத்தரைக்கே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியாது. கடைக்கார பாய், "இன்னா சார், புள்ள போன் வர்றவரைக்கும் ஒரு டீ சொல்லட்டா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். நான் ஒவ்வொரு வாரமும் வேண்டாம் என்பேன். டீ குடிக்கும் நேரத்தில் மணி அடித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு அல்ப பயம். நேற்று நீ சொன்னாய், உங்கள் பிஸ்கட் ஃபேக்டரியின் பழைய கெமிஸ்ட் ஓய்வு பெறப்போகிறார், மாவைச் சோதிக்கும் அறைக்கு உன்னைத்தான் கேட்கிறார், பயிற்சிக்கு அவர்களே அனுப்புகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த வார்த்தையிலேயே நீ சிரித்துக்கொண்டு, "வேணாம்னு சொல்லிடப் போறேன்ப்பா. கலர் பாத்துச் சொல்ற வேலை. என் கண்ணு லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே" என்றாய். நான் என்ன சொன்னேன்? "சரிப்பா, உடம்பப் பாத்துக்கோ" என்றேன். போனை வைத்துவிட்டேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீயை வரவழைத்துக் கையில் கொடுத்தார்.

உன் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை, சுந்தர். என்றைக்கும் இருந்ததில்லை. அது நான் சொன்ன பொய். இதைச் சொன்ன பிறகு ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்குமோ அடிக்காதோ. பால்காரனிடமும் கரண்ட் பில் கவுண்டரிலும் பேசுவதைத் தவிர வாரத்தில் நான் வாய் திறப்பது அந்தப் பத்து நிமிஷம்தான். அது போய்விடுமே என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. நீ இதே வீட்டில், அடுத்த அறையில் தூங்கிய நாட்களிலும் நான் சொல்லவில்லையே.

உன் கண் எப்படிப்பட்ட கண் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு ஏழு வயது இருக்கும், பாசியும் தவளையும் பிடித்து வர பள்ளிக்கரணைச் சதுப்புக்கு சைக்கிளில் போவேனே, அப்போது முன் பாரில் துண்டைச் சுற்றி உன்னை உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். தண்ணீர் ஓரத்தில் கோரை ஆளுயரத்துக்கு நிற்கிறது. நான் வலையோடு இறங்கப் போகும்போது நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அங்க ஊதாக் கலர்ல ஒரு கோழி. மூக்கு மட்டும் செவப்பு" என்றாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு எட்டு வைத்த பிறகுதான் கோரைக்குள்ளே தாழைக்கோழி நிற்பது தெரிந்தது. அந்தத் தூரத்தில், அந்த நிழலில், ஊதா என்றும் சிவப்பு என்றும் பிரித்துச் சொன்ன பையன் நீ. அன்றைக்கு லேபுக்கு வந்து எல்லா ஆசிரியர்களிடமும் அதைப் பெருமையடித்துக்கொண்டேன். அந்தக் கண்ணைத்தான் பத்து வருடம் கழித்துக் கோளாறு என்று சொன்னேன்.

இப்போது பிராக்டிகல் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பாதி மட்டும் தெரிந்தது. பிளஸ் டூ உயிரியல் பிராக்டிகலில் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுப்போம், உள்ளே இருப்பது மாவுச்சத்தா, சர்க்கரையா, புரதமா, கொழுப்பா என்று பையன்கள் சோதித்து எழுத வேண்டும். எந்த பாட்டிலில் என்ன என்பது ஊற்றி வைக்கும் லேப் அட்டெண்டருக்குத் தெரியும். அட்டெண்டருக்குத் தெரிந்தால் பையன்களுக்கும் தெரியும், அதுதான் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடந்த வழக்கம். நான் சட்டைக் காலரைத் தொட்டால் மாவுச்சத்து. மேல் பொத்தானைத் தொட்டால் சர்க்கரை. காதைச் சொறிந்தால் புரதம். கொழுப்புக்கு சிக்னலே வேண்டாம், மேலே மிதப்பதைப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும். வாத்தியார்கள் இதையெல்லாம் கண்டும் காணாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். தேர்வுக்கு முதல் நாள் நீ வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், "அப்பா, நாளைக்கு என் டேபிள் பக்கம் வராதீங்க. நானே பண்ணிக்கறேன்." உன் அம்மா, "ஏன்டா, அப்பா சொன்னா என்ன கொறஞ்சா போயிடும்?" என்றாள். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாய். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் என் பிள்ளைக்கு ஒரு ரோஷம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அதே முதல் நாள் மத்தியானம் பிளஸ் ஒன் பையன்களுக்கு எச்சில் சோதனை செய்து காட்ட வேண்டியிருந்தது. மாவுச்சத்து என்பது சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோர்த்து நிற்கும் சங்கிலி என்று உனக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றோடொன்று சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். அந்தச் சங்கிலி நேராக நிற்காது, ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொள்ளும். அயோடின் போய் அந்தச் சுருளுக்குள் உட்காரும், அதனால்தான் நீலம். எச்சிலில் அமைலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது ஒரு புரதம், அமினோ அமிலங்கள் கோத்த இன்னொரு சங்கிலி, தனக்கென்று ஓர் உருவத்தில் மடிந்து நிற்பது. அது மாவுச்சத்துச் சங்கிலியைப் பிடித்து, வெளியேறிய தண்ணீரை ஒவ்வொன்றாகத் திருப்பி உள்ளே நுழைத்து அறுத்துவிடும். சங்கிலி அறுந்தால் சுருள் இல்லை, அயோடினுக்கு உட்கார இடம் இல்லை, நீலமும் இல்லை. மிஞ்சுவது துண்டு சர்க்கரை. பையன்கள் எச்சில் என்றதும் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள், ஒருவனும் கொடுக்கமாட்டான். எப்போதும் போல நானே வாயைக் கொப்பளித்துத் துப்பிக் கொடுத்தேன்.

சோதனை முடிந்ததும் பீக்கரில் பாதிக்கு மேல் மாவுச்சத்துக் கரைசல் மிச்சம் இருந்தது. ஸ்டோரில் அந்தப் பொடிக்கு ஒவ்வொரு ஸ்பூனுக்கும் கையெழுத்து வாங்குவார்கள், கொட்ட எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் தேர்வுக்கு என்று அதை சி என்று சீட்டு ஒட்டிய பாட்டிலில் ஊற்றி மூடினேன். எச்சில் தொட்ட கண்ணாடிக் குச்சியை அந்த பீக்கரில்தான் விட்டுக் கலக்கியிருந்தேன் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. நொதி வேலை செய்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை. ஒரு சங்கிலியை அறுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும், அதை முடித்துவிட்டு அதற்கடுத்தது. ஒரு துளி போதும். மறுநாள் காலையில் பாட்டில்களை அடுக்கும்போது சி கொஞ்சம் தெளிந்திருந்தது. பார்த்தேன். கூடுதலாகத் தண்ணீர் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டேன். முப்பது வருடத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. அதற்கப்புறம் செய்ததோடு பார்த்தால் அது தப்பே இல்லை.

உன் பேட்ச்சில் ஐந்து பேருக்கு சி விழுந்தது. நாலு பேருக்கு நான் காலரைத் தொட்டேன். உன் மேஜைப் பக்கம் போகவில்லை, சத்தியமாகப் போகவில்லை, ஆனால் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ அயோடின் விட்டாய். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். கழுவிவிட்டுத் திரும்பச் செய்தாய். அப்புறம் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சர்க்கரை இருந்தால் காட்டிக்கொடுக்கும் பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துக் காய்ச்சினாய். அந்த நீலக் கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறியதும் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாய். நீ எழுதியது: மாவுச்சத்து இல்லை, சர்க்கரை உள்ளது. மற்ற நாலு பேரும் எழுதியது: அயோடின் விட்டேன், அடர்நீலம் தோன்றியது, ஆகவே மாவுச்சத்து. நாலு குழாயிலும் நீலம் வந்திருக்கவே முடியாது, சுந்தர். ஒருவனும் குழாயைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் பட்டியலைப் பார்த்தார், சி என்றால் மாவுச்சத்து என்று இருந்தது, உன் தாளில் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். எங்கள் விலங்கியல் சார் என்னிடம் வந்து, "உன் பையன் சொதப்பிட்டான்ப்பா, நீயாவது கொஞ்சம் காட்டிக் குடுத்திருக்கலாம்ல?" என்றார்.

சாயந்திரம் பாட்டில்களைக் கழுவும்போது மனசு கேட்காமல் சி பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு அயோடின் விட்டேன். டீத்தண்ணி மாதிரி இருந்தது. பெனடிக்ட் போட்டுக் காய்ச்சினேன், செங்கல் நிறம். தெளிந்த பாட்டில், கண்ணாடிக் குச்சி, எச்சில், எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அதே நேரத்தில் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வந்து, மார்க் கவரை சீல் வைக்க ஸ்பிரிட் விளக்கைக் கொண்டு வரச் சொன்னான். கொண்டு போனேன். தலைமையாசிரியரும் தேர்வாளரும் போண்டா சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தேர்வாளரின் விரலிலிருந்து மேலே இருந்த காகிதத்தில் எண்ணெய் பட்டு ஓர் இடம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. கொழுப்புக்கான சோதனை தானாகவே நடக்கிறது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது, பார், என் புத்தியை. பட்டியல் இன்னும் கவருக்குள் போகவில்லை. "சார், சி பாட்டில்ல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்படியானால் மற்ற நாலு பேருக்கும் நீலம் எப்படி வந்தது? காலரைத் தொட்ட கை வெளியே வரும். இத்தனை வருடம் குழாய் கழுவியும் எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேர்வாளர் அரக்கை என் விளக்கில் காட்டி உருக்கி, சொட்டு சொட்டாகக் கவரின் மேல் விட்டு முத்திரையை அழுத்தினார். "சரி, வெளக்க அணச்சிடுப்பா" என்றார்.

வேலை போய்விடும் என்ற பயம் பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். பி.யு.சி.யில் ஃபெயிலானவன் நான். வாத்தியார்கள் மேஜையில் விட்டுப்போன புத்தகங்களைப் படித்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவன். புரதம் எப்படி மடிகிறது என்று சந்தேகம் வந்தால் புதிதாக வந்த எம்.எஸ்ஸி. டீச்சர்கூட என்னிடம் வந்து கேட்பார். அப்பேர்ப்பட்டவன் எச்சில் குச்சியை விட்டுக் கலக்கிவிட்டான் என்று நாலு பேர் சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வெட்டிக் கௌரவத்துக்கு உன்னைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "அப்பா, ரெண்டு தடவ பண்ணேன்ப்பா. நீலமே வரல. சி பாட்டில்ல என்ன இருந்துச்சு?" என்றாய். நான் மாவுச்சத்து என்றேன். "இல்லப்பா, வரல. நான் பாத்தேன்." அதோடு நான் வாயை மூடியிருந்தாலாவது உனக்கு உன் கண் மிஞ்சியிருக்கும். நீ விடாமல் கேட்பாய், நாளைக்கே போய் சாரிடம் கேட்பாய் என்று பயந்துபோய், "உனக்கு நீலம் சரியாத் தெரியலையோ என்னவோ" என்றேன். "நெறக்குருடுன்னு ஒண்ணு உண்டு. இருக்கறவனுக்கே அது தெரியாது." நீ என் முகத்தையே பார்த்தாய். "அதெல்லாம் அம்மா வழியா வர்றது, யாரு என்ன பண்ண முடியும்?" என்று முடித்துவிட்டு முகம் கழுவப் போனேன். அடுப்படியில் உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. இருக்கிறவனுக்கே தெரியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவன் எதைக் கொண்டு மறுப்பான்? அதைத் தெரிந்தேதான் சொன்னேன்.

மார்க் போனது பெரிய விஷயம் இல்லை. மெடிக்கல் சீட் கிடைத்திருக்கும் என்றெல்லாம் அளக்கமாட்டேன், பிஸிக்ஸில் நீ சுமார்தான். ஆனால் நீ, "எனக்கு சயின்ஸ் வேணாம்ப்பா" என்று சொல்லி பி.காம். ஃபாரம் வாங்கி வந்தாய். அதற்குப் பிறகு தெருப் பையன்கள் எல்லாம் ரயில்வே வேலைக்கு எழுதிப்போட்டபோது நீயும் விண்ணப்பம் வாங்கினாய். அதில் நிறப் பார்வைச் சோதனை உண்டு என்று ஒரு வரி இருந்ததைப் படித்துவிட்டு அதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மின்சார ரயில் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை, இன்ஜின் ஓட்ட வேண்டும் என்று சின்ன வயதில் சொன்ன பிள்ளை. நான் பேப்பரை மடிக்கக்கூட இல்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பது உனக்கு ஒரு விஷயமாகவே இருந்திருக்காது. உன் அம்மா ஒரு புடவைக்கு ஜாக்கெட் துணி தேடினாள். இரண்டு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எது சேருதுன்னு பாருடா" என்றாள். நீ ரொம்ப சாதாரணமாக, "அப்பாவக் கேளும்மா, எனக்குக் கலர் தெரியாதே" என்றாய். துணிக்காரி, "அய்ய, இன்னா தம்பி, இம்மாம் பெரிய கண்ணு கீது, தெரியாதுன்ற?" என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய். உன் அம்மா இரண்டு துண்டையும் வைத்துவிட்டு எதுவும் வாங்காமல் நடந்தாள். திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம், "எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்களே. எங்கப்பாவுக்குக்கூட இல்லையே" என்றாள். நான், சில சமயம் தலைமுறை தாண்டி வரும் என்றேன். அவளுடைய தம்பி கல்யாணத்துக்குப் போனபோது, தையல் டப்பாவிலிருந்து நூல்கண்டுகளை எடுத்து வரிசையாக வைத்து, அண்ணன் தம்பி மூன்று பேரையும் நிறத்தைச் சொல்லச் சொன்னாள். அவர்கள் இவளுக்கு என்ன ஆச்சு என்று கேலி பண்ணினார்கள். மூன்று பேரும் சரியாகவே சொன்னார்கள். அவள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள், அப்படியானால் தன்னிடம்தான் அது தங்கியிருக்கிறது என்று.

வாரம் மூன்று நாள் பொன்னாங்கண்ணிக் கீரை வைத்தாளே, நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவாயே, ஏன் என்று இப்போது தெரிகிறதா? கீரைக்காரி வராத நாளில் சேலையூர் வரைக்கும் நடந்து போய் வாங்கி வருவாள். நானும் அந்தக் கீரையைப் பிசைந்து சாப்பிட்டேன். ஒரு நாளாவது தொண்டையில் சிக்கியதா என்றால், இல்லை. சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், நீ ரயில் ஏறிவிட்டாய் என்று தந்தி வந்த அன்று மத்தியானம், அவளுக்கு நான் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். "எல்லாம் சரியாத்தான் குடுத்தேன் அவனுக்கு, கண்ண மட்டும் கெடுத்து அனுப்பிட்டேன்" என்றாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். அவளிடம் சொல்ல எனக்கு அந்த மத்தியானம் முழுக்க இருந்தது. மறுநாள் காலையும் இருந்தது. இந்த நிலைமையில் எதற்கு அவளைக் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அவளைக் கலக்குவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, சுந்தர். அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்றுதான் பயம். நீ வந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அவள் போய்விட்டாள், அந்தப் பழியைத் தன் மேலேயே வைத்துக்கொண்டு. மூன்று வருடமாக இந்த வீட்டில் தனியாக உலை வைக்கிறேன், ஒரு முட்டை வேகவைக்கிறேன், தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ராத்திரி, பகல் என்று இல்லை, எப்போது வேண்டுமானாலும் அந்த வார்த்தை வந்து நிற்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்று சொன்னால் நீ காறித் துப்புவாய். என் பொய்யில் பாடப் பிழையும் இருந்தது. ரிட்டயர் ஆன பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். கண்ணில் நிறத்தைப் பிடிப்பதும் புரதங்கள்தான். அவற்றை எப்படிக் கோக்க வேண்டும் என்று டி.என்.ஏ. என்ற நீண்ட சங்கிலியில் எழுதியிருக்கிறது. அம்மா வழியாக மகனுக்கு வரும் நிறக்குருடு சிவப்பையும் பச்சையையும் குழப்புவது. நீலம் தெரியாமல் போவது வேறு வகை, ரொம்ப அபூர்வம், அது அம்மாவை மட்டும் பிடித்துக்கொண்டு வருவது இல்லை. எங்கள் விலங்கியல் சாரிடம் நீ ஒரு தடவை கேட்டிருந்தால் அவர் ஒரே நிமிஷத்தில் உடைத்திருப்பார். நீ கேட்கவில்லை. அப்பா சொன்னார், அதற்கு மேல் என்ன என்று இருந்துவிட்டாய்.

பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் அப்பாக்கள் புத்தி சொல்வார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதுவும் வேலையாகக் கேட்கிறேன். உன் ஃபேக்டரி மைதாவை ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, நன்றாகத் தண்ணியாகக் கஞ்சி காய்ச்சு. வெதுவெதுப்பாக ஆறியதும் இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்று. ஒன்றில் மட்டும் வாயைக் கொப்பளித்துவிட்டுத் துப்பிக் கலக்கு. அந்தக் குச்சியை மற்றதில் விடாதே. முக்கால் மணி நேரம் விடு. மெடிக்கல் ஷாப்பில் டிங்சர் அயோடின் கிடைக்கும், இரண்டிலும் இரண்டிரண்டு சொட்டு விடு. ஓய்வு பெறப்போகும் அந்தக் கெமிஸ்ட்டைக் கூப்பிடு. எதில் என்ன செய்தாய் என்று அவரிடம் சொல்லாதே. அவர் பார்த்த நிறத்தை அவர் ஒரு சீட்டில் எழுதட்டும், நீ பார்த்ததை நீ ஒரு சீட்டில் எழுது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பன்னிரண்டு வருடம் பொய் சொன்னவன் இப்போது மட்டும் மெய் பேசுகிறான் என்று நீ நம்ப வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் இதைச் செய்யச் சொல்கிறேன்.

இன்றைக்குத் திங்கள். கூரியரில் கொடுத்தால் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் பையன் சொன்னான், வராவிட்டால் சண்டைக்கு வருவேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புதனும் வியாழனும் உனக்கு இருக்கிறது. என்னிடம் பேச மனசு வராவிட்டால் பேசாதே, மனசு வரும் வரைக்கும் வேண்டாம், வராமலே போனாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் மேனேஜரிடம் மட்டும் சரி என்று சொல்லிவிடு.

அப்பா